மகளுக்கு லேப்டாப்: 37,500-க்கும் 53,500-க்கும் நடுவில் என்ன வித்தியாசம்?

கோவில்பட்டி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குக் கோவையில் ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் விடுதியில் சேர்க்கிறோம். அதற்குள் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுக்க வேண்டும். சீட்டு எடுத்த பணம் 60,000 கையில் இருக்கிறது. இன்னும் ஐந்தாறாயிரம் என்றால் புரட்டிவிடலாம், அதற்கு மேல் முடியாது.

நேற்று திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனோம். மூன்று காட்டினார்கள்.

முதலாவது ஆசஸ் விவோபுக் கோ 15. ரைசன் 5 7520யு சிப், 8 ஜிபி ராம் (வேலை ஓடும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்). விலை 37,500.
இரண்டாவது லெனோவா ஐடியாபேட் ஸ்லிம் 3. இன்டெல் ஐ5 12450ஹெச் சிப், 16 ஜிபி ராம், 512 ஜிபி. விலை 53,500.
மூன்றாவது ஹெச்பி விக்டஸ் 15. அதே ஐ5 12450ஹெச், 8 ஜிபி ராம், கூடவே ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு. விலை 66,000.

கடைக்காரர், "ரைசன் 5-ம் ஐ5-ம் ஒரே ரகம்தான் மேடம், பிள்ளை படிக்கத்தானே, எதற்கு 16,000 கூடக் கொடுக்கிறீர்கள்" என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் தம்பி ஆப்பிளின் மேக்புக் ஏர்தான் வாங்க வேண்டும், பத்து வருடம் வரும் என்கிறான். எதிர்வீட்டுப் பையன் ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி அதை மட்டும் தொடவே தொடாதீர்கள் என்கிறான். அவன் சொன்ன கம்பெனி லேப்டாப்பைத்தான் எங்கள் பள்ளியில் ஆறு வருடமாக எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையதளம்) பதிவுக்கு வைத்திருக்கிறோம். ஒரு குறையும் இல்லை.

என் கேள்வி இரண்டு. இந்த விலை வித்தியாசத்துக்கு வேகத்தில் உண்மையாகவே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை பெயருக்குக் கொடுக்கிற காசா? நான்கு வருடம் தாங்க எந்தக் கம்பெனி நல்லது? மகள் நேற்றிலிருந்து 37,500-ஐயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

சிவில் மூன்றாம் வருடம்

வாழ்த்துகள் ஆன்ட்டி. நானும் சிவில்தான், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதல் வருடம் லேப்டாப்புக்குப் பெரிய வேலை இல்லை. முதல் செமஸ்டரில் பைத்தான் இருக்கும். எதில் வேண்டுமானாலும் ஓடும். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் நாங்கள் டிராயிங் ஷீட்டில் கையால்தான் போட்டோம். ஆட்டோகேடில் 2டி பிளான் வரைவதும் எல்லா லேப்டாப்பிலும் ஓடிவிடும். அதனால் முதல் வருடம் முழுக்க 37,500 ரூபாய் லேப்டாப்பே போதும் என்றுதான் தோன்றும்.

மூன்றாம் வருடம்தான் கதை மாறும். கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ், கட்டடத்தை 3டியில் வரையும் ரெவிட் என்று கனமான மென்பொருள் எல்லாம் வரும். என்னுடையது 8 ஜிபி. ஒரு ஜி பிளஸ் 3 (தரைத்தளமும் மேலே மூன்று மாடியும்) கட்டடத்தை ரெவிட்டில் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் குரோமில் ஒரு யூடியூப் பாடத்தையும் திறந்தால் மவுஸ் அம்புக்குறி அப்படியே நின்றுவிடும். போன செமஸ்டரில் ரிவ்யூவுக்கு முந்தைய இரவு சேமிக்காமல் இரண்டு மணி நேர வேலை போனது. சரி, இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு ராம் போர்டோடு ஒட்டியது, போட இடமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

16 ஜிபிக்குக் குறைவாக வாங்காதீர்கள் ஆன்ட்டி. கம்பெனி பற்றி இங்கே இருக்கும் மற்றவர்கள் சொல்லட்டும்.

ஸ்க்ரூடிரைவர்

டீச்சர், வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் 16 வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் உங்கள் இரண்டு கேள்விக்கும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ரைசன் 5. கடைக்காரர் பெட்டியில் இருக்கும் "5" என்ற எண்ணைப் பார்த்து ஒரே ரகம் என்கிறார். அதற்குப் பின்னால் இருக்கும் நான்கு இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ரைசன் சிப்பைச் செய்யும் ஏஎம்டி கம்பெனி 2023 மாடல்களுக்கு ஒரு எண் முறை கொண்டுவந்தது. 7520 என்பதில் முதல் 7 வருடத்தைக் குறிக்கிறது, 2023 என்று அர்த்தம். அடுத்த 5 தர வரிசை. மூன்றாவதாக நிற்கும் 2 தான் உயிர்நாடி. உள்ளே இருப்பது ஜென் 2 வடிவமைப்பு என்று அது சொல்கிறது. ஜென் 2 முதலில் வந்தது 2019-இல். அதாவது புதுப் பெயரில் பழைய தலைமுறைக் கோர்கள் (சிப்புக்குள் வேலையைச் செய்யும் பகுதிகள்), அதுவும் நான்கு கோர்தான். இதே வரிசையில் 7530யு என்று ஒன்று உண்டு. பார்வைக்கு ஓர் இலக்கம்தான் வேறு. ஆனால் அது ஜென் 3, ஆறு கோர். கனமான வேலை கொடுத்தால் 7520யு எடுக்கிற நேரத்தில் ஏறக்குறைய பாதியில் 7530யு முடித்துவிடும். என் மேஜையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். இன்டெல்லின் ஐ3 1215யு, பெயரில் 3 என்றுதான் இருக்கும், பெரும்பாலான வேலைகளில் இந்த ரைசன் 5 7520யு-வை முந்திவிடும். 5 பெரியது, 3 சின்னது என்று நம்பி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 7520யு மோசமான சிப் என்று சொல்ல வரவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கும், சூடாகாது, உங்கள் பள்ளி எமிஸ் பதிவுக்கும் வினாத்தாள் அடிக்கவும் அருமையாக இருக்கும். அதை ஆசஸ் மட்டும் அல்ல, ஹெச்பி, லெனோவாவும் தங்கள் குறைந்த விலை மாடல்களில் போடுகிறார்கள். அதில் ராம் எப்போதும் போர்டோடு ஒட்டியதுதான், அந்தச் சிப்பின் அமைப்பே அப்படி. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபி. நான்கு வருட சிவில் படிப்புக்கு அது போதாது.

ஐ5 12450ஹெச் எட்டு கோர். நான்கு பெரியது, நான்கு சின்னது. இதே கடையில் ஐ5 1235யு என்று ஒன்றைக் காட்டி, "இதில் பத்து கோர் மேடம்" என்று சொல்லக்கூடும். அந்தப் பத்தில் பெரியது இரண்டுதான், மீதி எட்டும் சின்னது. யு என்று முடிவது 15 வாட் ரகம், ஹெச் என்று முடிவது 45 வாட் ரகம். கட்டட அனாலிசிஸ் மாதிரி ஐந்து பத்து நிமிடம் மூச்சுவிடாமல் ஓடுகிற வேலையில் ஹெச் முன்னால் போகும். அதற்கு விலையாகப் பேட்டரி சீக்கிரம் இறங்கும், காற்றாடிச் சத்தமும் கேட்கும். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் 12450ஹெச்சில் 1235யு-வைவிடச் சிறியது. ரெவிட்டில் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்போது கொஞ்சம் தெரியும், ஆனால் வேலை நிற்காது.

ஆக, அந்த 16,000 வித்தியாசம் பெயருக்குக் கொடுக்கிற காசு இல்லை. சிப்பில் இரண்டு படி மேலே, ராமில் இரண்டு மடங்கு.

அடுத்து எந்தக் கம்பெனி என்ற கேள்வி. தினமும் கடையில் இதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் டீச்சர். ஒவ்வொரு கம்பெனியிலும் 35,000 ரூபாய் வரிசையும் இருக்கிறது, ஒரு லட்ச ரூபாய் வரிசையும் இருக்கிறது. லெனோவாவில் ஸ்லிம் 3-ம் உண்டு, திங்க்பேடும் உண்டு. ஹெச்பியில் சாதா 15-ம் உண்டு, எலைட்புக்கும் உண்டு. டெல்லில் அண்மைக்காலம் வரை இன்ஸ்பிரானும் லாட்டிட்யூடும் இருந்தன. ஸ்லிம் 3-க்கும் ஹெச்பி 15-க்கும் உள்ள ஒற்றுமை, ஸ்லிம் 3-க்கும் திங்க்பேடுக்கும் கிடையாது. பல கம்பெனிகளுக்கு லேப்டாப் செய்து கொடுப்பதே குவாண்டா, காம்பல் மாதிரித் தைவான் நிறுவனங்கள்தான். உங்கள் எதிர்வீட்டுப் பையன் கெட்ட அனுபவப்பட்டது அந்தக் கம்பெனியின் ஏதோ ஒரு குறைந்த விலை மாடலாக இருக்கும். உங்கள் பள்ளியில் ஆறு வருடமாக ஓடுவது அதே கம்பெனியின் அலுவலக வரிசையாக இருக்கலாம். பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

குறைந்த விலை வரிசை எல்லாவற்றிலும் முதலில் விட்டுப்போவது மூடியைத் தாங்கும் கீல்தான். போன வாரம்கூட ஒரு கல்லூரிப் பெண் மூடி பாதி பிளந்த லேப்டாப்பை துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தது. கம்பெனி எது என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் இதைப் பார்க்கிறேன். கீலைத் திருகு பிடித்திருப்பது ஒரு பித்தளைக் கொட்டையில். மிளகு அளவுதான் இருக்கும். அந்தக் கொட்டை பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும். தினமும் மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்தால் அந்தப் பக்கக் கீலுக்கு மட்டும் முறுக்கு விழுகிறது. ஒன்றரை வருடத்தில் பிளாஸ்டிக் தூளாகி, கொட்டை திருகோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அன்று அந்தப் பெண்ணின் லேப்டாப்பைத் தட்டியபோது நான்கு கொட்டையும் மேஜையில் உருண்டது. எபாக்ஸி பசை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். அலுவலக வரிசை லேப்டாப்களில் பெரும்பாலும் கீல் உலோகச் சட்டத்தில் திருகியிருக்கும், அதனால் எட்டு வருடமானாலும் ஆடாது.

அதனால் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். மூடியைத் திறந்து, விசைப்பலகையின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தை மாதிரி அமுங்கினால் உள்ளே சட்டம் மெல்லியது. இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து அழுத்தினால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

ராமைப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. டெமோவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ஒட்டிய ராம், மாற்ற முடியாது. "சோடிம்" என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். ஸ்லிம் 3 அந்த 12450ஹெச் மாடலிலும் ராம் ஒட்டியதுதான். ஆனால் ஏற்கெனவே 16 இருப்பதால் பரவாயில்லை.

விக்டஸ் பற்றி. அதில் ராமுக்கு இரண்டு இடம் உண்டு, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டும் நல்லது. மகள் கட்டடக்கலை படிப்பதாக இருந்தால், லூமியான் மாதிரி மென்பொருளில் கட்டடத்தை நிஜம் மாதிரிக் காட்டும் படம் உருவாக்க வேண்டியிருக்கும், அப்போது நானே விக்டஸைத்தான் சொல்வேன். சிவிலுக்கு அந்தக் கார்டு பெரும்பாலும் சும்மா இருக்கும். எடை 2.29 கிலோ, சார்ஜர் தனி. ஸ்லிம் 3 எடை 1.62 கிலோ. விடுதியிலிருந்து வகுப்புக்குத் தினமும் தோளில் சுமப்பது பிள்ளைதான். அதோடு 66,000 கொடுத்தும் 8 ஜிபிதான், இன்னும் 8 போட மேலும் காசு.

என் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் ஸ்லிம் 3 எடுப்பேன். அது கிடைக்காவிட்டால், எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, ரைசன் 5 7530யு 16 ஜிபியோடு கிடைத்தால் எடுப்பேன். யாராவது பழைய அலுவலக லேப்டாப்பை மலிவாகக் கொடுத்தால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழ் என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

அச்சகம் சிவகாசி

டீச்சர், பக்கத்து ஊர்க்காரன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் தம்பி சொன்ன மேக்புக் ஏர் என்னிடம் இருக்கிறது. 2021-இல் வாங்கிய எம்1 சிப் மாடல், 8 ஜிபி. காலண்டர், பெட்டி லேபிள் டிசைன் எல்லாம் அதில்தான். அதில் காற்றாடியே கிடையாது, சித்திரை வெயிலில்கூட சத்தம் இல்லை. காலையில் சார்ஜரைக் கழற்றினால் மாலை வரை தாங்குகிறது. நான்கு வருடத்தில் ஒரு ரூபாய் செலவு வைக்கவில்லை. 2025-இல் வந்த எம்4 ஏர் 16 ஜிபியிலிருந்துதான் ஆரம்பம். வந்தபோது விலை 99,900, மாணவர் விலை 89,900. என் தொழிலுக்கு அந்த விலை நியாயம்தான், மறுபடி வாங்கினாலும் அதையே வாங்குவேன்.

ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை. ஆட்டோகேட் மேக்கில் இருக்கிறது. ரெவிட், ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் மூன்றும் விண்டோஸுக்கு மட்டும்தான். மேக்குக்குள் விண்டோஸை ஏற்றி ஓட்டலாம் என்பார்கள். அது வேறு ரக விண்டோஸ், எல்லா மென்பொருளும் அதில் ஒழுங்காக நிற்காது. பரீட்சை நேரத்தில் பிள்ளைக்கு அந்தத் தலைவலி எதற்கு? ஒரு லட்சம் கொடுத்து வாங்கிவிட்டு, லேபில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் காத்திருக்க வேண்டி வரும்.

ஸ்க்ரூடிரைவர் அண்ணன் விட்டுவிட்ட ஒன்று, திரை. 50,000-க்குள் வரும் லேப்டாப்களில் நிறைய 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு), 45 சதவீத என்டிஎஸ்சி (நிறங்களைக் காட்டும் அளவு) திரைதான். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். எனக்கு அது ஆகவே ஆகாது, அச்சில் நிறம் மாறிவிடும். சிவிலுக்கு நிறம் முக்கியமில்லை. ஆனால் வெளிச்சம் முக்கியம், விடுதி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் கண் வலிக்கும். கடையில் வாசல் பக்கம் எடுத்துவந்து, ஒரு வேர்ட் பக்கத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் ஓடவிடும் பளபள வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கோவில்பட்டி டீச்சர்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பள்ளியில் போய் முதல் வேலையாகப் பெயரைப் பார்த்தேன். லாட்டிட்யூட் என்றுதான் போட்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் சார் சொன்னபடியே.

நேற்று மறுபடி திருநெல்வேலி போனோம். மகளையே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். விவோபுக்கில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று வந்ததும் அவளே, "அம்மா, இது வேண்டாம்" என்றாள். மூன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தாலும் அப்புறம் அவரும் சேர்ந்து பார்த்தார். 7520-இல் அந்த 2 என்ன என்று மகள் அவருக்கு விளக்கினாள்.

ஸ்லிம் 3 எடுத்துவிட்டோம். 52,800-க்குக் கொடுத்தார். ஆபீஸ் மென்பொருளும் உள்ளே இருக்கிறது. மிச்சப் பணத்தில் ஒரு பையும் மவுஸும் வாங்கினோம். இப்போது ஒரு சந்தேகம். வாரண்டி ஒரு வருடம்தான் போட்டிருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கலாம் என்றார். செய்யலாமா? கோவையில் பழுதானால் திருநெல்வேலிக்குத்தான் கொண்டுவர வேண்டுமா?

ஸ்க்ரூடிரைவர்

ரொம்ப சந்தோஷம் டீச்சர். உங்கள் மகள் கடைக்காரருக்கே பாடம் எடுத்தது இன்னும் சந்தோஷம்.

திருநெல்வேலிக்கு வர வேண்டாம். வாரண்டி கொடுப்பது கம்பெனி, கடை இல்லை. கோவையில் இருக்கும் அவர்களுடைய சர்வீஸ் சென்டரிலேயே காட்டலாம். பில்லைப் போட்டோ எடுத்து மகள் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றே கம்பெனி தளத்தில் லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். சில நேரம் பெட்டி கடைக்கு வந்த தேதியிலிருந்து ஓட ஆரம்பித்திருக்கும். பில் தேதியைக் காட்டினால் திருத்திக் கொடுப்பார்கள்.

நீட்டிப்பதைக் கடையில் செய்யாமல் கம்பெனி தளத்திலேயே செய்யுங்கள். கடைகள் சில நேரம் வேறு யாரோ தரும் வாரண்டி அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் ரகம் என்றால் நல்லது, விடுதிக்கும் வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறி விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடுகட்டும் திட்டம் தனியாக உண்டு. விடுதியில் இருக்கப்போகும் பிள்ளைக்கு நான் அதைத்தான் முதலில் போடுவேன். அதற்கும் நீட்டிப்புக்கும் சேர்த்துக் காசு இல்லை என்றால், விழுந்தால் ஈடுகட்டுவதை மட்டும் போடுங்கள். திரை உடைந்து என்னிடம் வருவதுதான் அதிகம்.

மூடியை எப்போதும் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்ட வேண்டாம், அடியில் காற்றுப் போகிற துளை அடைத்துக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்துத் தூசி எடுக்க ஒரு முறை திறந்தால் போதும்.